கேரவன் பயணம் விற்கும் முகவர்களுக்கு: சாவியோடு ஒரு மணி நேரப் பாடமும் கொடுங்கள்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் கடை வைத்து, ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறைகளுக்கு ஆஸ்திரேலிய, நியூசிலாந்துக் கேரவன் பயணங்களை ஏற்பாடு செய்து தரும் முகவர்கள் அனைவருக்கும்,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற எலெக்ட்ரீஷியன். 45 கேவிஏ வரையிலான மின்னிணைப்புகளுக்குக் கையெழுத்துப் போடும் உரிமம் வைத்திருந்தவன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் நான் மாற்றாத ஃபியூஸ் பெட்டி வகை கிடையாது. கீழே வரும் கதையில் இருப்பதிலேயே முட்டாள்தனமான காரியத்தைச் செய்தவன் நானேதான் என்பதால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஜூன் விடுமுறையில் நான், மனைவி, மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள் என ஆறு பேராகப் பெர்த் போனோம். ஐந்து மணி நேர விமானப் பயணம். கடிகாரத்தைக்கூடத் திருப்ப வேண்டியதில்லை. உங்களில் ஒருவர்தான் ஏற்பாடு செய்து கொடுத்தார். பெயர் வேண்டாம், நல்ல மனிதர். "வீட்டில் இருப்பதைப் போலவே சமைக்கலாம் ஐயா, ரைஸ் குக்கரைக்கூட எடுத்துக்கொண்டு போங்கள்" என்றார். எடுத்துக்கொண்டு போனோம்.

வாடகை நிறுவனத்தின் முற்றத்தில் ஓர் இளைஞர் இருபது நிமிடத்தில் கேரவனைச் சுற்றிக் காட்டினார். அவர் வேகத்துக்கு என் மனைவி தலையாட்டிக்கொண்டே வந்தார். மகன் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான். காரையும் கேரவனையும் பூட்டி, விளக்குகளுக்கான பிளக்கை மாட்டினோம். பிரேக் விளக்கு எரிந்தது, இண்டிகேட்டர் சிமிட்டியது, கிளம்பிவிட்டோம். பக்கத்திலேயே சாம்பல் நிறத்தில், தீப்பெட்டி அளவில், ஆண்டர்சன் பிளக் என்று அங்கே சொல்லும் ஒன்று மாட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. கார் ஓடும்போது கேரவனுக்குள் இருக்கும் பேட்டரிக்கு மின்னூட்டம் போகும் வழி அது. நானும் அதைப் பார்த்தேன். ஏதோ உபரி என்று நினைத்தேன்.

கேரவனில் இருந்த குளிர்பதனப் பெட்டி மூன்று விதமாக ஓடக்கூடியது: கேஸ், 12 வோல்ட், 230 வோல்ட். யாரோ அதை 12இல் விட்டிருந்தார்கள். அப்படி ஓடும்போது அந்த வகைப் பெட்டி 12 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பெர்த்திலிருந்து ஆல்பனி 400 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். வழியில் நிறுத்தி நிறுத்திப் போக ஐந்தரை மணி நேரம் ஆனது. பெருக்கிப் பாருங்கள், அறுபது ஆம்பியர் மணிக்கு மேல் போய்விட்டது. அந்தப் பேட்டரியின் மேல் எழுதியிருந்ததோ 100 ஆம்பியர் மணி. ஈய அமிலப் பேட்டரியில் எழுதியிருப்பதில் பாதியைத்தான் எடுக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்க இறங்க அதன் ஆயுள் குறையும். லித்தியம் என்றால் எண்பது விழுக்காட்டுக்கு மேலேயே எடுக்கலாம். எங்கள் வண்டியில் எது இருந்தது என்று உங்கள் விளம்பரத் தாளில் ஒரு சொல்கூட இல்லை. மெத்தை உறையின் நிறம் மட்டும் இருந்தது.

ஆல்பனியில் ஜூன் மாதம் குளிர்காலம். இருட்டும் நேரத்தில் கேரவன் பூங்காவில் நிறுத்தி, கம்பத்தில் இருந்த சாக்கெட்டில் கேபிளை மாட்டினோம். ஆஸ்திரேலியப் பூங்காக்களில் ஒரு வண்டிக்குக் கிடைப்பது 15 ஆம்பியர். 230 வோல்ட்டால் பெருக்கினால் 3,450 வாட். நம் வீவக வீட்டில் பலருக்கு 40 ஆம்பியர் மெயின் சுவிட்ச், 9,200 வாட். வீட்டில் என்னென்ன ஒன்றாக ஓடுகிறது என்று நாம் கணக்குப் பார்ப்பதே இல்லை, அதற்குத் தேவையும் இருந்ததில்லை. அன்று குளிருக்கு ஹீட்டர் ஏறக்குறைய 1,000 வாட், மனைவி வைத்த கெட்டில் 2,400, எங்கள் ரைஸ் குக்கர் 900, தலைக்குக் குளித்துவிட்டு வந்த பேத்திக்காக மருமகள் எடுத்த ஹேர் டிரையர் 1,800. மொத்தம் 6,100 வாட், அதாவது 26 ஆம்பியருக்கு மேல். ஒரு நிமிடம் தாங்கியது. பிறகு டப்பென்று எல்லாம் நின்றது.

பிரேக்கர் வெளியே கம்பத்துப் பெட்டிக்குள். பெட்டி பூட்டியிருந்தது. அலுவலகமும் மூடியாகிவிட்டது. கதவில் ஒட்டியிருந்த எண்ணை அழைத்தபோது, பூங்காக் காவலர் வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். கேரவனுக்குள் விளக்கு மட்டும் பேட்டரியில் எரிந்துகொண்டிருந்தது. சுவரில் இருந்த மீட்டர் 11.6 வோல்ட் காட்டியது. நிறைந்த பேட்டரி 12.7 காட்டும், பாதி என்றால் 12.2 அளவில் நிற்கும். 11.6 என்றால் வற்றிவிட்டது என்று பொருள். தண்ணீர்ப் பம்பு இருமலோடு ஓடியது. அப்போதுதான் அந்தச் சாம்பல் நிறப் பிளக் எனக்கு நினைவுக்கு வந்தது.

சரி, கேஸ் அடுப்பில் தோசை சுடலாம் என்றாள் மருமகள். கதவுக்குப் பக்கத்தில், தரையோடு தரையாக, கம்பி வலை போட்ட ஒரு துளை. அதன் வழியே குளிர்காற்று ஊசி மாதிரி வந்தது. நான் ஒரு துண்டை நான்காக மடித்து அதில் திணித்தேன். 'இதைக்கூட யோசித்துச் செய்யத் தெரியவில்லையே இந்த வெள்ளைக்காரர்களுக்கு' என்று ஒரு வார்த்தையும் சொன்னேன்.

ஆறு வயதுப் பேத்தி தரையில் உட்கார்ந்து பொம்மையோடு விளையாடிக்கொண்டிருந்தாள். "தாத்தா, இங்கே முட்டை நாறுகிறது" என்றாள். நின்றுகொண்டிருந்த எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. தம்பியின் சாக்ஸாக இருக்கும் என்றேன். இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் சொன்னாள். குனிந்து முழங்கால் போட்டேன். மூக்கு அவள் உயரத்துக்கு வந்ததும் முகத்தில் அறைந்தது போல் கேஸ் வாடை.

அடுத்து நான் செய்ததைக் கேளுங்கள். எழுந்து, கை நீட்டி, கூரை ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

ஏன் கூரை? என் கை அப்படிப் பழகியிருந்தது. தோ பாயோவில் என் வீட்டுக்குக் குழாய் வழியே வருவது நகர எரிவாயு. 1998 வரை காலாங் ஆலையிலிருந்து வந்தது, பிறகு செனோக்கோவிலிருந்து வருகிறது. அதில் ஹைட்ரஜன்தான் பெரும்பங்கு. காற்றைவிட லேசானது, கசிந்தால் மேலே போகும், ஜன்னலைத் திறந்தால் வெளியேறிவிடும். கேரவனின் சிலிண்டரில் இருப்பது எல்பிஜி, அதாவது அழுத்தித் திரவமாக்கிய புரொப்பேன், பியூட்டேன் வாயுக்கள். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கசிந்தால் தண்ணீர் போலத் தரையில் பரவி, படுக்கைக்கு அடியிலுள்ள பெட்டிகளில் தேங்கும். அது இறங்கி வெளியேறத்தான் தரையோரம் துளை விட்டிருக்கிறார்கள். நான் துண்டு திணித்த அதே துளை.

துண்டைப் பிடுங்கி எறிந்தவள் மருமகள்தான். கதவைத் திறந்து பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். மகன் முன்பக்கம் போய், கார் சேரும் இடத்திலுள்ள சிலிண்டரின் வால்வை மூடினான். என் மனைவி நன்றாகப் பார்ப்பதற்காக இன்னொரு விளக்கைப் போட சுவிட்ச் பக்கம் கை கொண்டுபோனபோது தொடாதே என்று கத்தினேன். அன்று நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அது. 12 வோல்ட் சுவிட்சிலும் பொறி உண்டு.

காவலர் வந்ததும் பாத்திரம் கழுவும் சோப்பை நீரில் கரைத்து, வெளியிலிருந்து வால்வை ஒரு கணம் திறந்து, அடுப்புக்குப் பின்னால் இருந்த இணைப்பில் தடவினார். மீன் கண் போலச் சிறு சிறு குமிழிகள் எழுந்து எழுந்து உடைந்தன. வால்வை மூடிவிட்டு, இனி உரிமம் பெற்ற கேஸ் பணியாளர் வரும்வரை யாரும் தொடக்கூடாது என்றார். மறுநாள் காலை ஒருவர் வந்து பத்து நிமிடத்தில் சரிசெய்தார். இரவு பூங்காவின் வாடகை அறையில் படுத்தோம், இருநூறு வெள்ளிக்கு மேல் ஆனது. அந்தப் பணத்தை நான் கேட்கவில்லை.

நான் கேட்பது ஒரு மணி நேரம். பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால், தமிழில், சமூக மன்ற அறையிலோ உங்கள் கடையின் பின்னறையிலோ, கேரவன் எடுக்கும் குடும்பத்தை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுங்கள். சமைக்கப் போகிறவர் கட்டாயம் வரவேண்டும். முற்றத்தில் ஓட்டுநரிடம் மட்டும் விளக்கிவிட்டு அனுப்புகிறார்கள்; அடுப்பைப் பற்றவைப்பவர் அந்த நேரத்தில் பின்னால் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருப்பார்.

என்ன சொல்லவேண்டும் என்பதில் பாதியை மேலேயே சொல்லிவிட்டேன். மீதியில் சிலவற்றை நம்மவர்களுக்கென்றே சேர்க்கவேண்டும். பெர்த்திலும் மெல்பர்னிலும் நமக்கு உறவினர் இல்லாத குடும்பம் குறைவு. சித்தப்பா வீட்டு வாசலில் இரண்டு நாள் கேரவனை நிறுத்துவோம். அங்கே வீட்டுச் சாக்கெட் 10 ஆம்பியர். கேரவன் கேபிளின் பிளக் 15 ஆம்பியருக்கானது, அதன் எர்த் பின் அகலமாக இருக்கும், உள்ளே போகாது. அரத்தை எடுத்து அந்தப் பின்னைத் தேய்த்து நுழைத்துவிட்டதாக ஒருவர் என்னிடமே பெருமையாகச் சொன்னார். நுழையாமல் இருப்பதற்காகத்தான் அகலமாகச் செய்திருக்கிறார்கள். 10 ஆம்பியர் சாக்கெட்டில் 15 ஆம்பியர் ஓடினால் அது சூடேறும். கேபிள் நீளமாக இருக்கிறதென்று சுருட்டியபடியே விடுவதும் அதே கதை: சுருளின் நடுவில் இருக்கும் சூட்டுக்குப் போக வழியில்லை, உறை உருகும். முழுவதையும் பிரித்துத் தரையில் போடச் சொல்லுங்கள்.

நியூசிலாந்துக்கு அனுப்புகிறவர்களுக்கு: அங்கே பூங்காவில் 16 ஆம்பியர் நீல நிற வட்டப் பிளக். ஆஸ்திரேலியப் பழக்கம் அங்கே செல்லாது. வண்டிக்கு மின்தகுதிச் சான்று உண்டா, நான்கு ஆண்டு முடியவில்லையா என்று நீங்களே கேட்டு வாங்குங்கள். அதோடு நம் வீட்டு ஸ்டீம்போட் அடுப்பு ஒன்று இருக்கிறதே, டப்பா கேஸ் போடுவது, அதைப் போல ஒன்றை அங்கே கடையில் வாங்கிக்கொள்வதும் நம்மவர் வழக்கம். தென் தீவின் குளிர்காலக் காலையில் அது பற்றாமல் சோதிக்கும். டப்பாவில் பெரும்பாலும் பியூட்டேன். பூஜ்யம் டிகிரிக்கு அருகில் அது ஆவியாகவே மாறாது. புரொப்பேன் கழித்தல் 42 வரை தாங்கும். அடுப்பு பற்றவில்லையே என்று அதைக் கேரவனுக்குள் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள் என்பதுதான் என் கவலை. அடுப்பையே ஹீட்டராக வைத்துக்கொண்டு கதவைச் சாத்துகிறவர்களும் இருக்கிறார்கள். எல்பிஜியிலாவது வாடை சேர்த்திருக்கிறார்கள், ஒரு குழந்தையால் கண்டுபிடிக்க முடிந்தது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. அதற்கான எச்சரிக்கைக் கருவி வண்டியில் இருக்கிறதா என்பதை விளம்பரத் தாளில் மெத்தை உறைக்கு மேலே அச்சிடுங்கள்.

நம் ஊரில் 1985க்கு முன் கட்டிய வீடுகளிலும், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி கருவி இருக்கவேண்டும் என்று 2025 ஜூலை வரை கெடு வைத்து மாற்றச் செய்தார்கள். கேரவனிலும் அதே கருவி, அதே சோதனைப் பொத்தான். அழுத்தினால் சுவிட்ச் விழுந்து மின்சாரம் நிற்கவேண்டும். விழாவிட்டால் வண்டியை முற்றத்தைவிட்டு எடுக்கக்கூடாது. சிலிண்டர் எவ்வளவு மீதி என்று தெரியவேண்டுமா, பக்கவாட்டில் வெந்நீரை ஊற்றித் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்; சில்லென்று இருக்கும் உயரம்வரை கேஸ் இருக்கிறது. 9 கிலோ முழுதாக இருந்தால் ஒற்றை அடுப்பு ஐம்பது மணி நேரம்வரை எரியும், ஆகவே காலியாகிவிடுமே என்ற பயம் வேண்டாம். வண்டி ஓடும்போது வால்வு மூடியே இருக்கட்டும்.

இதையெல்லாம் சொன்னால் வாடிக்கையாளர் பயந்து பஸ் சுற்றுலாவுக்குப் போய்விடுவார் என்று உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். எங்கள் குடும்பம் அந்த இரவுக்குப் பிறகு எஸ்பரன்ஸ் வரை போய்த்தான் திரும்பியது. அடுத்த ஆண்டும் கேரவன்தான், பேத்தியின் பிடிவாதம். விவரம் தெரிந்தபின் பயம் போய்விட்டது. ஹீட்டரை நிறுத்திவிட்டுக் கெட்டிலைப் போடு என்று இப்போது அவளே பாட்டியை அதட்டுகிறாள்.

பாடம் நடத்த ஆள் இல்லை என்பீர்கள். சனிக்கிழமை மாலைகளில் நான் சும்மாதான் இருக்கிறேன். ஒரு பலகையில் 15 ஆம்பியர் பிளக், நீலப் பிளக், ஆண்டர்சன் பிளக் மூன்றையும் பொருத்தி வைத்திருக்கிறேன். காசு வேண்டாம், தேநீர் போதும். வருகிறவர்கள் எடுத்துக்கொண்டு போகப்போகும் ரைஸ் குக்கரை மட்டும் கையோடு கொண்டுவரட்டும். அதைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் தாளில் எத்தனை வாட் என்று முதலில் படிக்கச் சொல்வேன்.

இப்படிக்கு,
தோ பாயோவாசி, ஓய்வுபெற்ற எலெக்ட்ரீஷியன்