படத்துக்குக் கீழே ஆண்டைப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குறிஞ்சி பூத்த மலைச்சரிவை அட்டையில் வெளியிட்டிருந்தீர்கள். ‘நிறத்தை ஏற்றிய படம் இது; கண்ணுக்குத் தெரிவதைத்தான் அச்சிட வேண்டும்’ என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் காய்ந்திருக்கிறார். யார் கண்ணுக்கு என்று அவர் சொல்லவில்லை.

அவர் ஒரு மாலை எங்கள் கொடைக்கானலில் பள்ளத்தாக்கை ஒட்டிய ‘கோக்கர்ஸ் வாக்’ நடைபாதையில் வந்து நிற்கட்டும். வெயில் முதுகில் அடிக்க, எதிரே பள்ளத்தாக்கில் மூடுபனி ஏறி நிற்கும் நேரம் வாய்த்தால், நம் நிழல் பனியின் மேல் பூதம்போல் விழும். தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு வளையம். ஜெர்மனியில் இருக்கும் பிராக்கன் சிகரத்தின் பெயரை இந்தக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். கணவனும் மனைவியும் தோளோடு தோள் நின்று பார்த்தாலும், வளையம் அவரவர் தலைக்குத்தான் தெரியும். பக்கத்தில் நிற்பவருக்கு வெறும் நிழல். நீர்த்துளிகள் ஒளியை வந்த வழிக்கே திருப்பி அனுப்புவதால் வரும் வினை இது. செல்போனைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துப் படமெடுத்தால் வேடிக்கை இன்னும் அதிகம். படத்தில் வளையம் தலையை விட்டுவிட்டுச் செல்போனின் நிழலைச் சுற்றி நிற்கும். இதில் எந்தப் படத்தைப் பொய் என்று தள்ளுவது?

நான் இங்கே ஸ்டூடியோ நடத்தியவன். ஊட்டி இந்து நகர் ஆலையில் தயாரான கறுப்பு வெள்ளை பிலிமில் குறிஞ்சியை எடுத்திருக்கிறேன். நீலத்தை அது தாராளமாக வாங்கிக்கொள்ளும் என்பதால் பூ வெளிறிப்போய்த்தான் விழும். லென்ஸில் மஞ்சள் ஃபில்டரை மாட்டினால் அதே சரிவு கறுத்துவிடும். முகங்களுக்கோ பென்சில் இருந்தது. கண்ணுக்குக் கீழே உள்ள குழியை நெகட்டிவில் மெல்லத் தீட்டினால், பிரிண்டில் அந்த இடம் வெளுத்து ஐந்து வயது குறையும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க அனுப்பும் படங்களுக்கு இதைச் செய்யாத ஸ்டூடியோக்காரர் யார்? இன்றைய செல்போன் ஒரே தட்டலில் பல படங்களை எடுத்துக் கலந்து, நம்மைக் கேட்காமலே அந்த வேலையை முடித்துவிடுகிறது.

ஆகவே நிறத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. உங்கள் அட்டைப்படம் என் ரசனைக்குச் சற்று அடர்த்தி, அவ்வளவுதான். மலையை எப்படிக் கற்பனை செய்வது என்பது படமெடுத்தவர் உரிமை.

என் மனத்தாங்கல் வேறு. குறிஞ்சி 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. 12 ஆண்டுக் கணக்கின்படி அடுத்தது 2030. ஆனால் 2018-இல் எடுத்த படத்தை ஆண்டைச் சொல்லாமல் ‘பூத்துக் குலுங்கும் கொடைக்கானல்’ என்று சுற்றுலாப் பக்கத்தில் யாராவது போட்டுவிடுகிறார்கள். ஒரு பொட்டு நிறம்கூட மாற்றாத படமாக இருந்தாலும் அது ஊரை ஏமாற்றும் வேலைதான். அதை நம்பி, குழந்தை குட்டிகளோடு வத்தலக்குண்டு வழியாக மலையேறி வந்து, குறிஞ்சி ஆண்டவர் கோயில் வாசலில் ‘பூ எந்தப் பக்கம்?’ என்று கேட்கிறவர்களுக்கு உள்ளூர்க்காரர்கள் நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சிலர் நாங்கள் மறைப்பதாகவே நினைத்துக்கொண்டு போகிறார்கள்!

பழைய படமென்றால் ‘கோப்புப் படம்’ என்று போடுவது செய்திப் பக்கங்களில் உள்ள வழக்கம்தானே. அதைச் சுற்றுலாப் பக்கத்துக்கும் அட்டைக்கும் கொண்டுவந்து, இடம், மாதம், ஆண்டு மூன்றையும் சேர்த்து அச்சிடுங்கள். அந்தக் குறிஞ்சிப் படத்துக்குக் கீழே நீங்கள் போட்டிருந்தது படமெடுத்தவரின் பெயர் மட்டும்.

இப்படிக்கு,
ஸ்டூடியோ நடத்தி ஓய்ந்த வாசகர்,
கொடைக்கானல்.