கரஸ்ல படிக்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வேலை பார்த்துக்கொண்டே கரஸ்ல, அதாவது தொலைநிலைக் கல்வியில், பட்டம் படிப்பவர்களைப் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எங்களைப் போன்றவர்களைப் பற்றி எழுத ஒருவருக்குத் தோன்றியதே எனக்குச் சந்தோஷம். ஆனால் பாடமெல்லாம் இப்போது செல்போனிலேயே வந்துவிடுவதால் நேரடி வகுப்புக்காக யாரும் அலைய வேண்டியதில்லை என்று ஓரிடத்தில் கட்டுரையாளர் எழுதியிருந்தார். அதை ஒரு வசதியாகச் சொல்கிறார். நான் அந்த வகுப்புகளுக்காக மூன்று வருடம் அலைந்தவள். அந்த அலைச்சல் இல்லாவிட்டால் இன்று என் பெயருக்குப் பின்னால் பி.காம். இருந்திருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

பிளஸ் டூ முடித்ததும் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாகச் சேர்ந்தேன். சில வருடத்தில், தைத்ததில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் செக்கிங்குக்கு மாற்றினார்கள். கல்யாணம், இரண்டு குழந்தைகள் எல்லாம் ஆன பிறகு, 2009ல், என் 31ஆவது வயதில் கரஸ்ல பி.காம். சேர்ந்தேன். (தொலைநிலைக் கல்வி என்று பல்கலைக்கழகம் சொல்கிறது. எங்கள் ஊரில் இன்றைக்கும் அது கரஸ்தான்.) எங்கள் வேலை நேரம் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டு மணிக்கு வெளியே வருவோம். இதற்குப் பெயர் ஒன்றரை ஷிப்ட். ஷிப்மென்ட் நெருங்கிவிட்டால் அதற்கு மேலும் போகும். வீட்டுக்கு வந்து சமைத்து, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தால் மணி பத்தரை ஆகியிருக்கும்.

புத்தகங்கள் பார்சலில் வந்தன. தமிழ் வழியில்தான் சேர்ந்திருந்தேன். ஆனாலும் முதல் மாதம் ஒன்றுமே புரியவில்லை. பேரேடு, தேய்மானம், இருப்புநிலைக் குறிப்பு என்று இருக்கும். கம்பெனி ஆபீசில் லெட்ஜர், டிப்ரிசியேஷன், பேலன்ஸ் ஷீட் என்றுதான் காதில் விழுந்திருக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லித்தர ஆள் இல்லை. கட்டிய பணம் போனால் போகட்டும், விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். அந்த நேரத்தில்தான் கான்டாக்ட் கிளாஸுக்கு, அதாவது நேரடி வகுப்புக்கு, வரச்சொல்லிக் கடிதம் வந்தது. கோவையில் ஒரு பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு.

அந்த வகுப்பறையை என்னால் மறக்க முடியாது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தோம். நகைக்கடை சேல்ஸ்மேன், நர்ஸ், லேத் பட்டறைக்காரர், ஊராட்சி அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு அக்கா, எங்கள் ஊர் கட்டிங் மாஸ்டர் ஒருவர். பாடம் எடுத்த சார் முதலில் எங்கள் ஒவ்வொருவர் வேலையையும் கேட்டு போர்டில் ஒரு ஓரமாக எழுதிக்கொண்டார். எதற்கு என்று அப்போது தெரியவில்லை.

மூன்றாம் வருடம் அடக்கவிலைக் கணக்கு வந்தது. ஒரு பொருளைச் செய்ய என்ன செலவாகிறது என்று பார்க்கும் கணக்கு. அதில் இயல்பான நட்டம், அசாதாரண நட்டம் என்று ஒரு பாடம். நான் நாலு தடவை படித்தும் மண்டையில் ஏறாத பாடம் அது. சார் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு கட்டிங் மாஸ்டரைப் பார்த்து, "நூறு கிலோ துணி வெட்டினால் எத்தனை கிலோ வேஸ்ட் போகும்?" என்று கேட்டார். அவர் யோசிக்கவே இல்லை. "பதினஞ்சு கிலோ போகுங்க சார். அதுக்கு மேல போனா முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்" என்றார்.

"இதுதான் பாடமே" என்று சார் போர்டில் எழுத ஆரம்பித்தார். எவ்வளவு கவனமாக வெட்டினாலும் போகிற அந்த 15 கிலோ இயல்பான நட்டம். அதன் விலையை மிச்சம் இருக்கிற 85 கிலோதான் சுமக்க வேண்டும். வேஸ்ட் துணி விற்று வருகிற காசை அதில் கழித்துக்கொள்ளலாம். 18 கிலோ போனால், கூடுதலாகப் போன அந்த 3 கிலோ அசாதாரண நட்டம். அதைப் பனியன் விலையில் ஏற்றக் கூடாது, லாப நட்டக் கணக்குக்குக் கொண்டுபோக வேண்டும். முதலாளி கூப்பிட்டுக் கேட்பது அந்த 3 கிலோவுக்குத்தான்.

தினமும் என் மேஜைக்குப் பக்கத்திலேயே மூட்டை கட்டி வைத்திருந்த வேஸ்ட் துணிக்கு இப்படி ஒரு கணக்கு இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதோடு விடவில்லை. அந்தக் கட்டிங் மாஸ்டர், கோடு போட்ட துணிக்கும் பிளெயின் துணிக்கும் வேஸ்ட் ஒன்றாக இருக்காது என்று சாரிடமே விளக்கம் சொன்னார். சார் அதைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார். வேலை பார்ப்பவர்கள் படிக்கும் வகுப்புக்கும் பள்ளி முடித்து நேராக வரும் பிள்ளைகளின் வகுப்புக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்று நினைக்கிறேன். நாங்கள் பாதிப் பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருகிறோம். அதை வெளியே எடுக்க எதிரில் ஒருவர் நின்று கேட்க வேண்டும். எங்கோ எப்போதோ பதிவு செய்த வீடியோவுக்கு எதிரில் கட்டிங் மாஸ்டர் உட்கார்ந்திருப்பது தெரியாது.

இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. என் தாய்மாமா தொடக்கப்பள்ளி ஆசிரியர். மதுரைப் பல்கலைக்கழகம் 1971ல் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அதில் சேர்ந்து பி.ஏ. முடித்தவர். டெல்லிப் பல்கலைக்கழகம் 1962ல் ஆரம்பித்து வைத்ததுதான், ஒன்பது வருடத்தில் நம் பக்கமும் வந்துவிட்டது. அப்புறம் 1979ல் அண்ணாமலையும் 1981ல் சென்னையும் தொடங்கின. 2002ல் இதற்கென்றே தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. மாமா பாடப் புத்தகங்களைக் காக்கி அட்டை போட்டுக் கடைசி வரை வைத்திருந்தார். ஆனால் அவர் பேச்சில் அடிக்கடி வருவது புத்தகம் இல்லை. விடுமுறையில் மதுரைக்குப் போய்க் கேட்ட வகுப்புகளையும் அங்கே கிடைத்த இரண்டு சிநேகிதர்களையும் பற்றித்தான் சொல்வார்.

சரி, இப்போது நிலைமை என்ன? என் அக்கா மகள் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் உதவியாளராக இருந்துகொண்டு பி.காம். படிக்கிறாள். அவளுக்கு வகுப்பு என்று வருவது செல்போனில் ஒரு லிங்க். பாதி நாள் அது வேலை நேரத்தில் வருகிறது. பிறகு பார்க்கலாம் என்று வைத்தால் பார்ப்பதே இல்லை. அனுப்பிய அசைன்மென்ட்டுக்கு மார்க் மட்டும் வந்தது. எங்கே தப்பு செய்தாள் என்று ஒரு வரி இல்லை. போன தேர்வு வார நாட்களில் வந்ததால் நாலு நாள் சம்பளம் போனது, ஷிப்மென்ட் நேரத்தில் லீவ் கேட்டாள் என்று கெட்ட பெயரும் சேர்ந்தது. எத்தனை தாள் அரியர் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறாள். அவளோடு சேர்ந்த மூன்று பேர் இரண்டாம் வருடக் கட்டணமே கட்டவில்லை.

செல்போன் வகுப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. கைக்குழந்தை வைத்திருக்கிற பெண்ணுக்கும் பஸ் இல்லாத ஊர்க்காரருக்கும் அது பெரிய உதவி. எனக்கே அன்றைக்கு இருந்திருந்தால் கோவைக்குப் போக முடியாத ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்திருப்பேன். நேரடி வகுப்போடு சேர்த்து அதைத் தரட்டும். அதைக் காட்டி வகுப்பை எடுத்துவிட்டால் எங்களைப் போன்றவர்கள் பாதியில் நின்றுவிடுவோம்.

ஆசிரியரைப் பார்த்துப் பேசும் நேரம் ஒன்றும் சலுகை கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2020 விதிமுறைகளின்படி தொலைநிலைக் கல்வியில் ஒரு கிரெடிட் (பாடத்தை அளக்கும் அலகு) என்றால் 30 மணி நேரப் படிப்பு. நாலு கிரெடிட் தாளுக்கு 120 மணி நேரம். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 12 மணி நேரம், ஆசிரியர் வழிகாட்டும் வகுப்புக்கு. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடிகிற வேலை இது. 2022 செப்டம்பரில் யுஜிசி இன்னொன்றும் சொன்னது: அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகங்களில் கரஸ்ல வாங்கும் பட்டமும் கல்லூரிக்குப் போய் வாங்கும் பட்டமும் சமம். அந்த அறிவிப்பைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. "கரஸ்தானே" என்ற ஒரு வார்த்தையை எத்தனை இன்டர்வியூவில் கேட்டிருக்கிறேன்! பட்டம் சமம் என்றால் பாடமும் சமமாக இருக்க வேண்டும். ஒரு முறைகூட ஆசிரியர் முகத்தைப் பார்க்காமல், சந்தேகம் கேட்காமல், கைடு வாங்கிப் படித்துப் பாஸ் பண்ணுகிற பிள்ளையை அந்த இன்டர்வியூவில் உட்கார வைப்பது நியாயமா?

நான் பி.காம். முடித்து செக்கிங் மேஜையிலிருந்து அக்கவுண்ட்ஸுக்கு மாறினேன். 2017ல் ஜிஎஸ்டி வந்தபோது எங்கள் மாதிரி மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை செய்து கொடுக்கும் சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டுகள் திணறிய திணறல் கொஞ்சமில்லை. கணக்கின் அடிப்படை தெரிந்திருந்ததால் நான் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். பக்கத்து இரண்டு யூனிட்காரர்களும் வந்து என்னிடம் கேட்டுக்கொண்டு போனார்கள். அதற்கு அஸ்திவாரம் போட்டது அந்த ஏழாம் வகுப்பு பெஞ்ச்.

இப்போது ஞாயிறு சாயங்காலம் அக்கா மகளும் அவள் கம்பெனிப் பெண்கள் இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். சமையல்கட்டிலேயே உட்கார்ந்து தெரிந்ததைச் சொல்லித்தருகிறேன். கம்பெனிச் சட்டமும் புள்ளியியலும் எனக்கு மறந்துபோய்விட்டன. அந்தத் தாள்களுக்கு நான் யாரிடம் அனுப்புவது? திருப்பூரில் எத்தனையோ பள்ளிக்கூடங்கள் ஞாயிற்றுக்கிழமை பூட்டித்தான் கிடக்கின்றன. ஒரு அறையும் ஒரு ஆசிரியரும் போதும். தேர்வையும் அதே ஞாயிற்றுக்கிழமைகளில் வைத்தால் யாருக்கும் சம்பளம் போகாது. சிவகாசி, ஓசூர், ஆம்பூர் என்று தொழிற்சாலைகள் நிறைந்த ஊர்களில் எல்லாம் இதைச் செய்யலாம்.

உங்களிடமும் ஒரு கோரிக்கை. தொலைநிலைக் கல்விச் சேர்க்கை விளம்பரங்கள் உங்கள் இதழில் நிறைய வருகின்றன. கட்டணம் எவ்வளவு, கடைசித் தேதி எது என்று கொட்டை எழுத்தில் இருக்கும். நேரடி வகுப்பு எந்த ஊரில், எந்தக் கிழமை, ஒரு தாளுக்கு எத்தனை மணி நேரம் என்பதையும் அதே எழுத்தில் போடச் சொல்லி நீங்கள் பல்கலைக்கழகங்களைக் கேட்க வேண்டும். வரும் ஜனவரிச் சேர்க்கை விளம்பரத்திலிருந்தே கேட்டால் நல்லது. அக்கா மகளின் தோழி ஒருத்தி அப்போதுதான் சேரப்போகிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அனுப்பர்பாளையம், திருப்பூர்.