குளியலறை மாடத்தில் நீ விட்டுப்போன ரேசர்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் முன்பு போலத்தான் இருக்கிறது. அதைப் பற்றி எழுதினால் அவள் கோபித்துக்கொள்வாள். பொங்கலுக்கு வந்தபோது நீ குளியலறை மாடத்தில் விட்டுப்போன நீல நிறப் பிளாஸ்டிக் ரேசரைப் பற்றிச் சொல்வதற்காகவே எழுதுகிறேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்று வாரமாக நீ முகம் காட்டாமல் பேசுகிறாய். முகத்தைப் பார்க்காமல் சவரத்தைப் பற்றி எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த ரேசரை எடுத்துப்போய் வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். மில்லில் பிட்டராக இருந்தவனுக்கு ஒரு முனை எத்தனை நாள் உழைத்திருக்கிறது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். இரண்டு பிளேடுகளுக்கும் நடுவில் சோப்பும் முடியும் சேர்ந்து காரை போல இறுகியிருந்தன. மேலே இருக்க வேண்டிய வழுவழுப்பான பட்டை வெளுத்து, பாதி உரிந்து போயிருந்தது. நான்கைந்து தடவை மழித்துவிட்டுத் தூக்கி எறிவதற்கென்று செய்த பொருளை இங்கே இருந்த 19 நாளும் நீ பயன்படுத்தினாய். அதற்கு முன் புனேயில் எத்தனை நாள் ஓடியதோ தெரியாது. எப்போதும் இரண்டு நாள் தங்குகிறவன் இந்த முறை 19 நாள் இருந்ததில் அம்மாவுக்கு அளவில்லாத மகிழ்ச்சி. உன் மடிக்கணினிப் பை மட்டும் அலமாரியில் வைத்தது வைத்தபடியே இருந்தது. அது வேறு விஷயம். சிக்கனம் நல்லதுதான். ஆனால் மாடியைக் கட்டிக் கொடுத்தவன், என் கண் அறுவைச் சிகிச்சைக்கு ஒரு பைசா கூட என்னைக் கொடுக்கவிடாதவன், முப்பது ரூபாய் ரேசரை மாற்றாமல் துரு ஏறும் வரை வைத்திருப்பது எனக்குக் கணக்கில் வரவில்லை.

உன் கழுத்தின் இடது பக்கம் கடுகு கடுகாகச் சிவந்திருந்ததை வேர்க்குரு என்று நினைத்து அம்மா சந்தனம் அரைத்துப் பூசினாள். தை மாதத்தில் வேர்க்குரு ஏது? அது அந்த ரேசரின் வேலை. இரண்டு பிளேடு உள்ள ரேசரில் முன்னால் இருப்பது முடியைப் பற்றிச் சிறிது வெளியே இழுக்கிறது. அது உள்வாங்குவதற்குள் பின்னால் இருப்பது வெட்டிவிடுகிறது. வெட்டுப்பட்ட நுனி தோலின் மட்டத்துக்குக் கீழே போய்விடுகிறது. நேரான முடி உள்ளவர்களுக்கு அதனால் பெரிய பாதகமில்லை. நம் வீட்டுச் சுருள் முடி மறுபடி வளரும்போது வளைந்து தோலுக்குள்ளேயே குத்துகிறது. 1971இல் இரண்டு பிளேடு என்று தொடங்கியவர்கள் 1998இல் மூன்றாக்கி, 2006இல் ஐந்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஐந்து பேர் சேர்ந்து ஒரே வரப்பை வெட்டினால் வரப்பு மிஞ்சுமா?

பழையதெல்லாம் உசத்தி என்று சொல்ல வரவில்லை. என் அப்பா காலத்தில் சவரக்கத்தியைத் தோல்வாரில் தீட்டித் தீட்டி வாழ்நாள் முழுவதும் வைத்திருந்தார்கள். அதோடு பார்த்தால், நான் பெருமையாகச் சொல்லும் இரு முனைப் பிளேடும் தூக்கி எறிகிற சாதிதான். அந்தப் பழக்கத்தைப் பெரிய வியாபாரமாக்கியவர் கிங் கேம்ப் ஜில்லெட் என்ற அமெரிக்கர். 1903இல் அவர் விற்பனையைத் தொடங்கியபோது, அந்த ஆண்டு முழுவதும் போனவை 51 ரேசரும் 168 பிளேடும் மட்டுமே. அடுத்த ஆண்டு 90,000 ரேசருக்கு மேல் விற்றன. முதல் வருடக் கணக்கைப் பார்த்து மனம் உடைந்து அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் என்னவாகியிருக்கும்? இதை எதற்கு எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. படித்தது நினைவுக்கு வந்தது. ஆனால் ஒன்று, அவருடைய ரேசரில் எறிவது காகிதம் போன்ற பிளேடை மட்டும்தான். பிடி அப்படியே இருக்கும். 1975இல் வந்த பிளாஸ்டிக் ரேசரில்தான் பிடியையும் சேர்த்து எறியக் கற்றுக்கொண்டார்கள். பிளாஸ்டிக்கும் எஃகும் ஒட்டிக் கிடப்பதால் பழைய இரும்புக் கடைக்காரர் கூட அதை எடுக்க மாட்டார்.

என் ரேசரை உனக்கு அனுப்புகிறேன். முதல் போனஸில் வாங்கியது. பிடியில் முலாம் போய்ப் பித்தளை தெரிகிறது, திருகு மட்டும் இன்னும் வழுவாமல் பிடிக்கிறது. பிளேடு ஐந்து கொண்ட பொட்டலம் இருபது ரூபாய்க்குள் கிடைக்கும். ஒரு பிளேடு ஐந்து சவரத்துக்குத் தாராளமாக வரும். மாதம் முழுவதற்கும் ஒரு சாப்பாட்டுச் செலவு கூட ஆகாது. இந்தக் கணக்கை உனக்காகப் போட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே, பொதுவாகச் சொல்கிறேன்.

குளித்து முடித்த பிறகு மழி. இல்லாவிட்டால் வெந்நீரில் நனைத்த துண்டை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் வை. காய்ந்த முடியில் பிளேடு வைக்கக் கூடாது. எஃகு முடியைவிட ஏறக்குறைய 50 மடங்கு கடினமானது. அப்படியிருந்தும் முடியை வெட்டி வெட்டியே அதன் முனை சில்லுச் சில்லாகப் பெயர்கிறது என்று 2020இல் அமெரிக்காவில் உள்ள எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னார்கள். பிரஷ்ஷை வெந்நீரில் ஊறவைத்து உதறிவிட்டுச் சோப்பில் சுற்று. நுரை சோடா போலப் பொங்கினால் தண்ணீர் அதிகம் என்று பொருள். தயிர் ஏடு போல நிற்க வேண்டும். ரேசர் தோலுக்குச் சுமார் 30 டிகிரி சாய்வில் இருக்கட்டும். முடி வளரும் திசையிலேயே, சிறிது சிறிதாக இறக்கு. அழுத்தாதே. ரேசரின் எடையே போதும். பிளாஸ்டிக் ரேசருக்கு எடை இல்லாததால்தான் எல்லோருக்கும் அழுத்தும் பழக்கம் வந்துவிட்டது. உன் கழுத்தில் இடது பக்கத்து முடி என்னுடையதைப் போலவே மேல் நோக்கி வளர்கிறது. அங்கே மட்டும் கீழிருந்து மேலே மழிக்க வேண்டும். முடிந்ததும் குளிர்ந்த நீரில் கழுவிப் படிகாரத்தைத் தடவு. எங்கே எரிகிறதோ அங்கே அழுத்தியிருக்கிறாய் என்று அர்த்தம். அழுத்தாதே என்று மறுபடியும் எழுதுகிறேன்.

இதையெல்லாம் உனக்கு மீசை அரும்பிய வயதில் பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். நான் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. முதல் ஆண்டு விடுமுறையில் விடுதியிலிருந்து பிளாஸ்டிக் ரேசரோடு வந்தாய். நீ ஏன் என் ரேசர் பக்கமே வரவில்லை என்பது உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது.

1996இல் நீ இரண்டாம் வகுப்பு. பென்சில் சீவுவதற்காக என் பிளேடை எடுத்து இரண்டாக உடைத்து, பாதியை எதிர்வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டாய். நான் அறைந்ததில் உன் காது இரண்டு நாள் சிவந்திருந்தது. கையை வெட்டிக்கொள்வான் என்று பயந்து அடித்தேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அது பொய். அப்போது மில் கதவடைத்து ஏழு வாரம் ஆகியிருந்தது. வீட்டில் நான் சொல்லவில்லை. தினமும் காலையில் மழமழவென்று சவரம் செய்து, டிபன் கேரியரை வாங்கிக்கொண்டு சிங்காநல்லூர்ப் பேருந்து நிலையத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். சவரம் செய்த முகத்தை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அந்த ஒரே பிளேடைத்தான் ஏழு வாரமும் கண்ணாடி டம்ளரின் உட்புறத்தில் படுக்க வைத்து, விரலால் அமுக்கி முன்னும் பின்னும் தேய்த்துத் தேய்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். நீ உடைத்தது அதை.

அடுத்த நாள் மோர் ஊற்றும்போது டம்ளருக்குள் சாம்பல் நிறக் கீற்றுகளை அம்மா பார்த்துவிட்டாள். கழுவிப் பார்த்தாள், போகவில்லை. அவள் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் சோப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் புதிய பிளேடுப் பொட்டலம் இருந்தது. அவளுடைய சிறுவாட்டுக் காசில் வாங்கியது. அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அன்று இரவுதான் அவளிடம் சொன்னேன். உன்னிடம் இன்று வரை சொல்லவில்லை. ஏழு வயதுப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க அப்போது எனக்குத் தெரியவில்லை. அதன்பின் நீ என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாய்.

பார்சலை நாளை கூரியரில் போடுகிறேன். படிகாரம் தனியாகச் சுற்றியிருக்கிறது, ஈரத்தில் வைக்காதே. பிரஷ்ஷை முடி கீழே தொங்கும்படி மாட்டி உலர்த்து. ரேசரைக் கழற்றித் துடைத்து எண்ணெய் தடவியது நான். பிளேடுப் பொட்டலங்களை அம்மா கடைத்தெருவுக்கு நடந்தே போய் வாங்கி வந்து, நான் எதுவும் சொல்லாமலே பெட்டிக்குள் வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா