மோர்ச்சாவுக்குப் பிறகு நடந்த வேலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில் மும்பையின் சோசலிஸ்ட் தலைவர் மிருணாள் கோரேயைப் பற்றி வெளிவந்த சிறு கட்டுரையைப் படித்தேன். மும்பைத் தமிழர்களில் இளைய தலைமுறையினர் பெரும்பாலும் அறியாத ஒருவரை நினைவூட்டியதற்கு நன்றி. ஆனால் பூரிக்கட்டை ஏந்திய பெண்களின் மோர்ச்சாவோடும் (ஊர்வலத்தோடும்) ‘பானிவாலி பாயி’ (தண்ணீர்க்கார அம்மா) என்ற பட்டப்பெயரோடும் கட்டுரை நின்றுவிட்டது. மாநகராட்சி மன்றத்துக்குள்ளும் சட்டமன்றத்துக்குள்ளும் அவர் செய்த வேலைக்கு அதில் இரண்டு வரிகூட இல்லை. போராட்டத்தில் இருந்து வந்த ஒருவருடைய அரசியல் வாழ்வை, பதவி கிடைத்தபின் அவர் என்ன செய்தார் என்பதை வைத்தே எடைபோட வேண்டும் என்று கருதுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1928-இல் பிறந்த அவர், மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுச் சோசலிஸ்ட் இயக்கத்துக்கு வந்தவர். கணவர் கேசவ் கோரே 1958-இல் மறைந்தார். அவர் பணியாற்றிய புறநகரான கோரேகாவ் அப்போதுதான் பெருநகர மும்பையோடு இணைக்கப்பட்டிருந்தது. எல்லை விரிந்த வேகத்தில் தண்ணீர்க் குழாய்கள் விரியவில்லை. 1961-இல் மாநகராட்சி உறுப்பினரான மிருணாள், குழாயடிச் சண்டை என்று மற்றவர்கள் ஏளனமாக ஒதுக்கிய ஒன்றை மாநகராட்சி மன்றத்தில் விடாமல் கேட்கும் கேள்வியாக மாற்றினார். இதன் அருமையைத் தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் விடியலுக்கு முன்பே குடத்தோடு வரிசையில் நின்ற நம் தாய்மார்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. 2000-ஆம் ஆண்டுக்குப் பின் எழுந்த குடிசைகளுக்கும் தண்ணீர் தர வேண்டும் என்று மும்பை உயர் நீதிமன்றம் மாநகராட்சிக்கு உத்தரவிட வேண்டிய நிலை 2014-இலும் இருந்தது என்பதைப் பார்க்கும்போது, அவர் எடுத்த வேலை எவ்வளவு நீளமானது என்பது விளங்கும்.

1972-இல் அவர் சட்டமன்றத்துக்குச் சென்றார். விலைவாசி உயர்வை எதிர்த்த பெண்கள் முன்னணி உருவானதும் அந்தக் காலத்தில்தான். சோசலிஸ்டான அவரும் மார்க்சிஸ்ட் கட்சியைச் சேர்ந்த அகில்யா ரங்கணேக்கரும் அதில் ஒரே மேடையில் நின்றார்கள். (ஒரே கூட்டணிக்குள் இருப்பவர்களே மேடையைப் பகிர யோசிக்கும் இக்காலத்தில் இதைக் குறிப்பிடத் தோன்றுகிறது.) நெருக்கடி நிலையின்போது தலைமறைவாக இருந்து, பின்னர் சிறை சென்ற மிருணாள், 1977-இல் மும்பை வடக்குத் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்வானார். ‘பானிவாலி பாயி டில்லி மே, டில்லிவாலி பாயி பானி மே’ (தண்ணீர்க்கார அம்மா டில்லியில், டில்லிக்கார அம்மா தண்ணீரில்) என்ற முழக்கம் அப்போது பிறந்தது. கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கிறது. எனினும் அது இந்திரா காந்தியின் தோல்வியைச் சொல்லும் அளவுக்கு இவருடைய உழைப்பைச் சொல்லவில்லை.

என் பார்வையில் அவருடைய வாழ்வின் கனமான பகுதி 1985-இல் மீண்டும் சட்டமன்றத்துக்கு வந்தபின் தொடங்குகிறது. கருவிலிருப்பது பெண் என்று சோதித்தறிந்து கலைக்கும் தொழில் மும்பையில் வெளிப்படையாக விளம்பரம் செய்துகொண்டு நடந்த காலம் அது. பெண்கள் அமைப்புகளும் சில மருத்துவர்களும் வெளியே இயக்கம் நடத்திக்கொண்டிருக்க, அவர் சட்டமன்றத்துக்குள் தனிநபர் மசோதாவின் (அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதாவின்) வழியாக, அந்தச் சோதனையைத் தடுக்க வேண்டும் என்ற கோரிக்கையை எழுப்பினார். தனிநபர் மசோதா நிறைவேறுவது அரிது என்பதை அவர் அறியாதவரல்லர். அரசைப் பதில் சொல்ல வைப்பதற்கு அது ஒரு வழி. 1988-இல் மகாராஷ்டிரம், நாட்டிலேயே முதல் மாநிலமாக, இதற்கென்று தனிச் சட்டம் இயற்றியது. மத்திய அரசின் சட்டம் அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து, 1994-இல்தான் வந்தது. ஊர்வலம் மட்டும் போயிருந்தால் இது நடந்திருக்காது. சட்டமன்ற நடைமுறை தெரிந்த ஒருவர் உள்ளே இருக்க வேண்டியிருந்தது.

ஆனால் அந்தச் சட்டமே எல்லாவற்றையும் சாதித்துவிட்டது என்று எழுதினால் அது புகழ்மாலையாகிவிடும். ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு இம்மாநிலத்தில் 1991-இல் 946 பெண் குழந்தைகள் இருந்தார்கள்; 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்த எண்ணிக்கை 894 ஆகக் குறைந்திருந்தது. சட்டத்தைக் கொண்டுவரக் காட்டிய பிடிவாதத்தை, அதை நடைமுறைப்படுத்தச் செய்வதில் அவருக்குப் பின் மன்றத்தில் அமர்ந்தவர்கள் போதிய அளவு காட்டவில்லை.

கோரேகாவ் கிழக்கில் திண்டோஷியில் நகரி நிவாரா பரிஷத் என்ற வீட்டுவசதி அமைப்பு எழுப்பிய ஆயிரக்கணக்கான வீடுகளும் அவரும் தோழர்களும் விட்டுக்கொடுக்காமல் நடத்திய போராட்டத்தின் பலன். நகரத்தில் ஒருவர் வைத்திருக்கக்கூடிய நிலத்துக்கு வரம்பு விதித்த நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டத்தின்கீழ் வந்த உபரி நிலம் எளியவர்களின் குடியிருப்புக்கே போக வேண்டும் என்ற வாதத்தைச் செங்கல்லும் சிமெண்டுமாக நிரூபித்துக் காட்டிய இடம் மும்பையில் வேறு அதிகமில்லை.

இவையெல்லாம் பழங்கதை அல்ல. மும்பை மாநகராட்சியின் 227 இடங்களில் பாதி இப்போது பெண்களுக்கு ஒதுக்கப்படுகிறது. ஆனால் சுவரொட்டியில் கணவரின் படம் பெரிதாகவும் உறுப்பினரின் படம் சிறிதாகவும் இருப்பதை நாம் பல வார்டுகளில் பார்க்கிறோம். ஆகவே ஒரு வேண்டுகோள்: தாராவி, சயான், செம்பூர் முதலிய தமிழர்கள் மிகுந்த வார்டுகளின் உறுப்பினர்கள், அவர்கள் பெண்களாயினும் ஆண்களாயினும், மன்றத்தில் எத்தனை கேள்விகள் எழுப்பினார்கள், தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் எவ்வளவு நிதி கேட்டுப் பெற்றார்கள் என்பதை ஆண்டுக்கு ஒருமுறையாவது தங்கள் நாளிதழ் திரட்டி வெளியிட வேண்டும். தமிழில் அந்த விவரம் கிடைக்கும்படி வேறு யாரும் செய்வதாகத் தெரியவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
சயான், மும்பை