சுடோகு செய்தவரின் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு வரிசையிலும், நெடுவரிசையிலும், மூன்றுக்கு மூன்று பெட்டியிலும் 1 முதல் 9 வரை ஒவ்வோர் எண்ணும் ஒரு முறை மட்டும் வர வேண்டும் என்பது சுடோகுவின் விதி; விடை ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். கடந்த ஞாயிறு இணைப்பில் வந்த சுடோகுவுக்கு இரண்டு விடைகள் இருக்கின்றன. மறுநாள் நீங்கள் வெளியிட்டது அவற்றில் ஒன்று. மற்றதை எழுதி வைத்திருந்த வாசகர்கள், தாங்கள் எங்கோ தவறிவிட்டோம் என்று நினைத்து அழித்திருப்பார்கள். அவர்கள் தவறவில்லை என்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுதக் கடிதம் வேறு பக்கம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் புதிரின் ஏழாவது, எட்டாவது வரிசைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நெடுவரிசையும் ஐந்தாம் நெடுவரிசையும் அவற்றைச் சந்திக்கும் நான்கு கட்டங்கள் கடைசிவரை காலியாக நிற்கும். நான்கிலும் 4 அல்லது 7 மட்டுமே வரலாம். ஒரு மூலையில் 4 வைத்தால் பக்கத்தில் 7, கீழே 7, எதிர்மூலையில் மறுபடியும் 4. அப்படியே மாற்றி வைத்தாலும் எந்த வரிசையும் எந்த நெடுவரிசையும் எந்தப் பெட்டியும் ஆட்சேபிக்காது. இரண்டு வரிசை, இரண்டு நெடுவரிசை, இரண்டே பெட்டி என்று நான்கு கட்டங்கள் இப்படி அமைந்துவிட்டால், அவற்றில் ஒன்றின் எண்ணையாவது முதலிலேயே கொடுத்தாக வேண்டும். புதிர் செய்பவர்களுக்கு இது பாலபாடம்.

இதைச் செய்தவர் பாடம் தெரியாதவர் அல்ல. அவர் கொடுத்திருக்கிறார், அச்சில்தான் விழவில்லை. மெய்ப்பு பார்ப்பது என் தொழில் என்பதால் இதைக் கொஞ்சம் உறுதியாகவே சொல்கிறேன். புதிரைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். எண் உள்ள கட்டங்கள் எல்லாம் எண் உள்ள கட்டங்களின் மேலேயே வந்து உட்காரும். ஒரே ஒரு விலக்கு: மூன்றாம் வரிசையின் எட்டாம் கட்டத்தில் எண் இருக்கிறது, அதன் எதிரிணையான ஏழாம் வரிசையின் இரண்டாம் கட்டம் காலி. தகராறு செய்யும் அந்த நான்கு கட்டங்களில் ஒன்று அதுதான். இவ்வளவு தேட வேண்டியதும் இல்லை. கொடுத்த எண்கள் மொத்தம் 25. நடுக்கட்டம் காலியாக உள்ள இப்படிப்பட்ட சமச்சீர்ப் புதிரில் எண்ணிக்கை ஒற்றைப்படையில் முடியவே முடியாது. எங்கோ ஓர் எண் உதிர்ந்திருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். செய்தியில் ஓர் எழுத்து விட்டுப்போனால் வாசகர் தாமே சேர்த்துப் படித்துக்கொள்வார். இங்கே ஓர் எண் விட்டுப்போனால் கட்டி வைத்த தர்க்கம் முழுவதும் போய்விடுகிறது.

இனிதான் என் உண்மையான வேண்டுகோள். உங்கள் குறுக்கெழுத்துப் போட்டியின் கீழே அதை அமைத்தவர் பெயர் இருக்கிறது. பக்கத்திலேயே வரும் எண் புதிரின் கீழே கடினத்தைக் காட்டும் நட்சத்திரங்கள் மட்டும்தான். அதையும் ஓர் ஆள் செய்திருந்தால் பெயரைப் போடுங்கள். கணினி நிரல் கொட்டிக் கொடுத்ததாக இருந்தால், வாரத்தில் ஒரு நாளாவது ஓர் ஆளிடம் வாங்கிப் போடுங்கள்.

இந்தப் பெயர் விவகாரம் சுடோகு பிறந்த நாளிலிருந்தே தொடர்வது. 1979 மே மாதம் அமெரிக்காவின் டெல் நிறுவனப் புதிர் இதழில் 'நம்பர் பிளேஸ்' என்ற தலைப்பில் அது முதலில் வந்தபோது புதிரின் கீழே செய்தவர் பெயர் இல்லை. ஹோவர்ட் கார்ன்ஸ் என்ற ஓய்வுபெற்ற கட்டடக் கலைஞர்தான் அவர் என்பதைப் பிற்பாடு துப்புத் துலக்கிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இந்தப் புதிர் வந்த இதழ்களின் பங்களிப்பாளர் பட்டியலில் எல்லாம் அவர் பெயர் இருந்தது. புதிர் வராத இதழ்களின் பட்டியலில் இல்லை. 'நியூயார்க் டைம்ஸ்' குறுக்கெழுத்து ஆசிரியர் வில் ஷார்ட்ஸ் பிடித்த துப்பு அதுதான். (நல்ல மெய்ப்பு வேலை என்று நான் நினைத்துக்கொள்வேன்.) கார்ன்ஸ் 1989-இல் காலமாகிவிட்டார். தான் செய்த ஒன்று உலகம் முழுக்கப் பரவியதை அவர் பார்க்கவில்லை.

ஜப்பானின் நிகோலி என்ற புதிர் வெளியீட்டு நிறுவனம் 1984-இல் இதை எடுத்துக்கொண்டது. கொடுக்கும் எண்கள் 32-க்கு மேல் போகக்கூடாது, அவை சமச்சீராக அமைய வேண்டும் என்று பின்னால் இரண்டு கட்டுப்பாடுகளையும் சேர்த்தது. விடை காண்பதற்குச் சமச்சீர் ஒரு பயனும் தராது என்று வாதிடுபவர்கள் உண்டு, வாதத்தளவில் சரிதான். ஆனால், நினைத்த இடத்தில் எல்லாம் எண்ணைப் போட முடியாத நெருக்கடியில்தான் செய்பவரின் கை தெரியும். நிகோலியின் புதிர்கள் ஆட்கள் செய்தவை. வாசகர்களே செய்து அனுப்பி, பெயரோடு அச்சேறியவை ஏராளம். புதிய புதிர் வகைகள் பலவும் அப்படி வாசகர்களிடமிருந்தே முளைத்தன.

நாளிதழ்களுக்கு இது வந்த வழி வேறு. ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற வேய்ன் கூல்ட், 1997-இல் டோக்கியோ புத்தகக் கடை ஒன்றில் இதைப் பார்த்து, ஆறு ஆண்டுகள் செலவழித்துப் புதிர்களைத் தயாரிக்கும் நிரல் ஒன்றை எழுதினார். லண்டன் 'டைம்ஸ்' 2004 நவம்பர் 12 அன்று அவர் கொடுத்ததை வெளியிடத் தொடங்கியது. அதற்குப் பிறகு சில மாதங்களில் பத்திரிகை உலகமே கட்டமாக மாறிப்போனது. அவர் இல்லாவிட்டால் நம்மில் பலர் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டோம், நான் உட்பட. ஆனால் சுடோகு என்றாலே நிரல் துப்புவது என்ற எண்ணமும் அத்துடன்தான் ஒட்டிக்கொண்டது.

நிரல் பொதுவாக என்ன செய்கிறது? 81 கட்டங்களையும் நிரப்பிவிட்டு, விடை ஒன்றாகவே இருக்கும்வரை எண்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்கிறது. சுவரை எழுப்பிவிட்டு, இடியாமல் நிற்கும்வரை செங்கற்களை உருவுவது போல. நிற்கும், சந்தேகமில்லை. ஆனால் அதில் வாசல் எங்கே என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். எட்டுக் கட்டங்கள் சரசரவென்று விழும், பிறகு ஒன்றுமே நகராது, ஊகித்து எழுதிப் பார்த்து முட்டினால் திரும்பி வருவதைத் தவிர வழியில்லை. அப்படி ஒன்றைத் தீர்த்து முடித்தாலும் வேலை முடிந்தது என்ற உணர்வுதான் மிஞ்சும்.

செய்பவர் தொடங்குவது எண்களிலிருந்து அல்ல, ஒரு யோசனையிலிருந்து. ஒரு வரிசையில் 5 வரக்கூடிய இடம் இரண்டே இரண்டு என்று வைத்துக்கொள்வோம். சற்றுத் தள்ளி இன்னொரு வரிசையிலும் அதே இரண்டு நெடுவரிசைகளில்தான் 5 வர முடியும். எது எங்கே என்று இன்னும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அந்த இரண்டு நெடுவரிசைகளின் 5-கள் இந்த இரண்டு வரிசைகளுக்குள் அடங்கிவிட்டன, ஆகவே அவற்றின் மற்றக் கட்டங்களில் 5 கிடையாது. தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டே தெரிந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்! இந்த ஒரு கணத்தை வாசகருக்குக் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் நான் பென்சிலை எடுப்பேன். இதைக் கடக்காமல் மேலே போக முடியாதபடி மற்ற எண்களை வைக்க வேண்டும். அதேசமயம் இது முதல் பார்வைக்குச் சிக்கிவிடவும் கூடாது. ஓர் எண்ணைச் சேர்த்தால் பின்வாசல் திறந்துகொள்ளும். எடுத்தால் விடை இரண்டாகும். பெரும்பாலான நேரம் இந்த இழுபறியில்தான் போகும்.

கடைசியில் விடை ஒன்றுதானா என்று சரிபார்க்க நானும் நிரலைத்தான் நாடுகிறேன். கணினியோடு எனக்குச் சண்டை கிடையாது. சலிக்காமல் சரிபார்க்க அதை விட்டால் ஆளில்லை. அடுத்து, அந்தப் புதிரை முன்பின் பார்க்காத ஒருவரிடம் கொடுத்துத் தீர்க்கச் சொல்ல வேண்டும். நான் நினைத்த வழியில் அவர் போகாதபோதுதான் புதிர் எனக்கே புரியும்.

உங்கள் நட்சத்திரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொடுத்த எண்கள் குறையக் குறைய நட்சத்திரம் கூடுவதாகத் தெரிகிறது. கடினத்தை அப்படி அளக்க முடியாது. ஒரே விடை கிடைக்கக் குறைந்தது 17 எண்களாவது வேண்டும் என்று டப்ளினில் கேரி மெக்குவயர் என்ற கணிதவியலாளரின் குழு கணினியில் முழுமையாக அலசி 2012-இல் காட்டியது. அந்த 17 எண் புதிர்களிலேயே தேநீர் ஆறுவதற்குள் முடியக்கூடியவை பல உண்டு. 28 எண் கொடுத்தும் உயிரை வாங்கலாம். எத்தனை எண் என்பதை விட்டு, எந்த வகை யோசனை தேவை என்பதைப் பார்த்துத்தான் தரம் போட வேண்டும். அதற்கு யாராவது உட்கார்ந்து தீர்த்தாக வேண்டும்.

குறைவாகக் கொடுப்பதிலும் கலை இருக்கிறது என்பதை 2020-இல் மிட்செல் லீ செய்த புதிர் காட்டியது. கொடுத்த எண்கள் இரண்டே: ஒரு 1, ஒரு 2. வழக்கமான விதிகளோடு மேலும் சில உண்டு. சதுரங்கத்தில் குதிரையோ ராஜாவோ ஒரே நகர்வில் எட்டும் கட்டங்களில் ஒரே எண் வரக்கூடாது. பக்கவாட்டிலும் மேலும் கீழும் ஒட்டிய கட்டங்களில் அடுத்தடுத்த எண்கள் வரக்கூடாது. புதிர்களைத் தீர்த்துக் காணொளிகளாக வெளியிடும் சைமன் ஆண்டனி அதைத் தீர்க்கும் காணொளியில், முதலில் யாரோ கேலி செய்கிறார்கள் என்றே அவர் நினைக்கிறார். பிறகு எண்கள் ஒவ்வொன்றாக விழ விழ அவர் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். எந்த நட்சத்திரத்தாலும் இதைச் சொல்லிவிட முடியாது.

சுடோகுவோடு நிற்கவும் வேண்டாம். புள்ளிகளை இணைத்து ஒரே வளையம் வரையும் ஸ்லிதர்லிங்க் இருக்கிறது. கட்டத்தில் உள்ள எண், அதன் நான்கு பக்கங்களில் எத்தனையில் கோடு ஓடுகிறது என்று சொல்லும். கோடு கிளை பிரியாமல், தன்னை வெட்டாமல், ஒரே வளையமாக மூட வேண்டும். அவ்வளவுதான் விதி. ஒரு 3-உம் ஒரு 0-வும் ஒட்டி நின்றால் 3-இன் மீதி மூன்று பக்கங்களும் உடனே கிடைத்துவிடும். இரண்டு 3-கள் பக்கம் பக்கமாக நின்றால் நடுவில் ஒன்றும் இரு ஓரங்களில் இரண்டும் என மூன்று கோடுகள் நிச்சயம். பத்து வயதுக் குழந்தை இதைத் தானாகவே கண்டுபிடித்துவிடும். சொல்லிக் கொடுத்துக் கெடுக்காதீர்கள். நல்ல ஸ்லிதர்லிங்க் செய்பவர் கடைசியில், 'இங்கே மூடினால் வளையம் சிறிதாகிவிடும், அந்த மூலை எண்கள் அநாதையாகிவிடும், ஆகவே மூடக்கூடாது' என்ற ஒரே காரணத்தால் மட்டும் திறக்கும் பூட்டு ஒன்றை வைத்திருப்பார். பத்துக்குப் பத்து அளவில் உங்கள் சுடோகுவுக்கு ஒதுக்கும் இடமே இதற்குப் போதும்.

இத்துடன் நான் செய்த ஸ்லிதர்லிங்க் ஒன்றையும் சுடோகு ஒன்றையும், தனித்தாளில் விடைகளோடும் தீர்க்கும் வழியோடும் அனுப்பியிருக்கிறேன். சன்மானம் தேவையில்லை. பிரசுரித்தால், பக்கம் வடிவமைத்த பிறகு அச்சுக்குப் போகும் முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பிவையுங்கள். அன்றே பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். மற்றவர்கள் செய்து அனுப்பும் புதிர்களையும் அப்படிப் பார்த்துக் கொடுக்கத் தயார். கடந்த ஞாயிறு புதிருக்கான திருத்தத்தை மட்டும் இந்த வாரமே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகி,
மெய்ப்புத் திருத்துநர்