மதிலோடு வெட்டாதீர்கள்: குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

மதிலைத் தாண்டிய கிளைகளைச் சங்கத்தின் ஆட்களே மதிலுக்கு நேராக வெட்டிவிடுவார்கள் என்ற உங்கள் அறிவிப்பைப் படித்தேன். பக்கத்து வீட்டு மரத்தின் சருகை நாள்தோறும் கூட்டுகிறவன் நான். கூரைத் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் ஏணி வைத்து ஏறுகிறவனும் நானே. எனவே மரத்துக்காரருக்காக வாதாட வந்தவன் என்று நினைக்க வேண்டாம். கிளையைக் கழிக்கத்தான் வேண்டும். ஆனால் வெட்டச் சொல்லும் இடம் தவறு.

கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தை அருகில் போய்ப் பாருங்கள். பட்டை சுருக்கம் விழுந்து, சற்றே உப்பி, வளையம் போல் இருக்கும். அந்த வளையத்தைச் சிதைக்காமல், அதை ஒட்டி வெளியே அறுத்தால், புதுப்பட்டை சுற்றிலும் வளர்ந்து காயத்தை மூடும். மதிலுக்கு நேராக நடுக்கிளையில் வெட்டினால் அதற்கு வழியில்லை. எஞ்சிய முண்டு காய்ந்து அழுகல் உள்ளே இறங்கும். இல்லையென்றால் வெட்டுவாயைச் சுற்றிக் கொத்துக்கொத்தாகப் போத்துகள், அதாவது புதுக்கிளைகள், கிளம்பும். அவற்றுக்கு ஆழமான பிடிமானம் கிடையாது. பருத்த பிறகு ஒரு காற்றுக்குப் பிய்ந்து விழும், அதுவும் எங்கள் தலையில். (வெட்டுவாயில் தார் பூசினால் போதும் என்பார்கள். பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை.) மதிலோரம் பள்ளம் தோண்டிப் பெரிய வேர்களை அறுப்பது இதைவிட ஆபத்து, மரமே சாயலாம்.

சட்டம் நம் பக்கம் என்கிறீர்கள். பாதி சரி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லெம்மன் எதிர் வெப் வழக்கு அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. தன் நிலத்தில் நின்றபடி, எல்லை தாண்டிய பகுதியை முன்னறிவிப்பு இல்லாமலே வெட்டலாம் என்று தீர்ப்பானது. அந்த ஆங்கிலச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் அதுதான் அடிப்படை. ஆனால் உரிமை எல்லைக்கோட்டோடு முடிகிறது. நான் சொன்ன வளையமோ பெரும்பாலும் மதிலுக்கு அப்புறம் இருக்கிறது. மரத்துக்காரர் சம்மதிக்காமல் அதில் ரம்பம் வைக்க முடியாது. கிளையில் இருக்கும் காயும் நமதல்ல. தன் பக்கம் நீண்ட கிளையின் ஆப்பிளைப் பறித்து விற்றவர் 1919இல் மில்ஸ் எதிர் புரூக்கர் வழக்கில் தோற்றுப்போனார். ஜெர்மனியிலோ குடிமைச் சட்டத்தின் 910ஆம் பிரிவு, கிளையை வெட்டுமுன் பக்கத்து நிலத்தைத் தன் வசம் வைத்திருப்பவருக்குத் தகுந்த அவகாசம் கொடுக்கச் சொல்கிறது.

ஆகவே அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். இரு வீட்டாரையும் கவாத்து, அதாவது கிளை கழிக்கும் முறை, தெரிந்த ஒருவரையும் மரத்தடிக்கு அழைத்து, வெட்ட வேண்டிய இடங்களில் சுண்ணாம்பால் குறி வையுங்கள். குருவிக் கூடு இருந்தால் குஞ்சு பறக்கும்வரை பொறுங்கள். பாரமான கிளையை முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டு, பிறகு மேலிருந்து அறுக்கச் சொல்லுங்கள். ஒரேயடியாக மேலிருந்து அறுத்தால் பட்டை அடிமரம் வரை உரிந்துவிடும்.

எங்கள் வீட்டு முறை வரும்போது ஆட்களை முதலில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டச் சொல்லுங்கள். நானும் கூட வருகிறேன்.

இப்படிக்கு,
மதிலின் இந்தப் பக்கத்துக்காரன்