சுயம்புவுக்கு, உன் காந்த மெத்தை பற்றி

தக்கலை,
ஞாயிறு காலை

அன்புள்ள சுயம்பு,

மெத்தை வாங்கின விஷயத்தை நீ போனில் சொன்னபோது நான் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் சண்டை வந்திருக்கும். அதனால்தான் இந்தக் கடிதம். 38,000 ரூபாய்! அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல ஃபிரிட்ஜ் வாங்கி, மிச்சத்தில் நீயும் தங்கச்சியும் ரயிலேறி ஊருக்கு வந்து போயிருக்கலாம். ரத்தத்தில் இருக்கிற இரும்பைக் காந்தம் இழுத்து ஓட்டத்தைச் சீராக்கும் என்று விற்க வந்த பையன் சொன்னானாம், நீயும் தலையாட்டினாயாம். முப்பது வருஷம் கணக்கு எழுதின மனுஷன், சரக்கைத் தட்டிப் பார்க்காமல் வாங்கியிருக்கிறாய்.

நமக்குக் காந்தம் புதுசா மக்கா? 1971 மாசிக் கொடைக்கு மண்டைக்காட்டுக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? டீக்கடை ரேடியோவின் கிழிந்த ஸ்பீக்கரைக் கேட்டு வாங்கி, அதிலிருந்த கறுப்பு வளையத்தை நூலில் கட்டிக் கடற்கரை மணலில் இழுத்துக்கொண்டே நடந்தோம். மீசை மாதிரிக் கொஞ்சம் கருமணல் ஒட்டிக்கொண்டு வந்தது. அப்புறம் பங்கு பிரிப்பதில் தகராறு. வளையத்தை உடைத்தால் ஒரு துண்டு வடக்கு, ஒரு துண்டு தெற்கு, ஆளுக்கு ஒன்று என்று தீர்ப்புச் சொன்னவன் நீதான். பாறையில் ஒரே போடு, இரண்டாய்ப் போயிற்று. பயந்துபோய்த் திரும்ப ஒட்ட வைக்கப் பார்த்தால், உடைந்த வாயோடு வாய் சேரவே மாட்டேன் என்று ஒன்றை ஒன்று தள்ளியது. உனக்குக் கோபம் வந்து ஒரு துண்டைக் கவிழ்த்துப் போட்டாய். பட்டென்று ஒட்டிக்கொண்டது, உன் விரல் நடுவில் மாட்டி நீ கத்தினது இன்றும் காதில் இருக்கிறது.

அந்தப் புதிர் எனக்கு அவிழ்ந்தது ரேடியோ ரிப்பேர்க் கடை போட்டுப் பத்து வருஷம் கழித்து. ஸ்பீக்கர் வளையத்தில் மேல்முகம் முழுக்க ஒரு துருவம், கீழ்முகம் முழுக்க மற்றது. உடைத்தாலும் இரண்டு துண்டுக்கும் மேலும் உண்டு, கீழும் உண்டு. பக்கத்தில் பக்கம் வைக்கும்போது வடக்கோடு வடக்கு முட்டுகிறது, தள்ளுகிறது. கவிழ்த்தால் வடக்குக்குப் பக்கத்தில் தெற்கு. நீ எத்தனை துண்டாக உடைத்திருந்தாலும் தனி வடக்கு உனக்குக் கிடைத்திருக்காது.

ஏன் என்று கேட்டால் அணுவுக்குள் போக வேண்டும். எலக்ட்ரான் ஒவ்வொன்றும் தன்னளவில் ஒரு குட்டிக் காந்தம். பெரும்பாலான பொருள்களில் அவை ஜோடி சேர்ந்து எதிரெதிராக நின்று ஒன்றின் பலத்தை ஒன்று அழித்துவிடும். இரும்பு, நிக்கல், கோபால்ட் போன்ற சிலவற்றில் மட்டும் ஜோடியில்லாத எலக்ட்ரான்கள் பக்கத்து அணுவோடு சேர்ந்து ஒரே திசை பார்க்கும். கொடைக்கூட்டத்தை நினைத்துக்கொள். வளையல் கடை முன்னால் ஒரு கும்பல், ராட்டினத்தைப் பார்த்து ஒரு கும்பல், சர்பத்துக்கு ஒரு கும்பல். கும்பலுக்குள் எல்லாரும் ஒரே பக்கம்தான் பார்க்கிறார்கள். ஆனால் கும்பலுக்குக் கும்பல் திசை வேறு. சாதாரண ஆணி இந்த நிலையில்தான் இருக்கிறது. பக்கத்தில் காந்தம் வந்தால், அம்மன் பவனி வந்ததுபோல எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பும், ஆணி இழுபடும். பவனி போனதும் பச்சிரும்பு பழையபடி கலைந்துவிடும். எஃகு பார்த்த திசையை அவ்வளவு சுலபமாக விடாது. நன்றாகச் சூடு பண்ணினால் எல்லாமே கலையும். இரும்புக்கு அந்தச் சூடு 770 டிகிரி.

இப்போது உன் ரத்தத்துக்கு வருகிறேன். உன் உடம்பு முழுக்க இருக்கிற இரும்பைச் சேர்த்தாலும் மூன்று நாலு கிராம்தான். அதுவும் ஆணியாகவோ அரத்தூளாகவோ ஓடவில்லை. ஹீமோகுளோபின் மூலக்கூறு ஒன்றுக்கு நாலே நாலு இரும்பு அணு, தள்ளித்தள்ளி உட்கார்ந்திருக்கிறது. சேர்ந்து திரும்புவதற்குக் கும்பலே கிடையாது. ஆக்சிஜன் ஏற்றின ரத்தத்தைக் காந்தம் இழுக்காது. மிக மிக லேசாக விலக்கக்கூடச் செய்யும்.

எனக்கு இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. போன ஐப்பசியில் இடுப்பு வலிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தேன். காந்தப்புலத்தை டெஸ்லா என்ற அலகில் அளப்பார்கள்; அந்தக் குழாயின் காந்தம் 1.5 டெஸ்லா. நம் ஊரில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா, அதாவது டெஸ்லாவில் பத்து லட்சத்தில் 40 பங்கு; அதைவிட முப்பத்தேழாயிரம் மடங்கு. ரத்தத்தைக் காந்தம் இழுக்கும் என்றால் நான் குழாய்ச் சுவரோடு பல்லியாக ஒட்டியிருப்பேன். அரைமணி நேரம் படுத்திருந்தேன், ஒன்றும் தெரியவில்லை. சத்தம்தான் தாங்க முடியவில்லை, தட்தட் என்று. ஆனால் அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம் சுயம்பு! உள்ளே இருக்கிற சுருள்களில் மின்சாரத்தை மாற்றி மாற்றி விடுகிறார்கள். காந்தப்புலத்தில் நிற்கிற சுருளில் மின்சாரம் ஓடினால் சுருள் உதைபடும், அதிரும். ஸ்பீக்கரில் காகிதக் கோன் ஆடுவதும் இதனால்தான். முப்பத்தைந்து வருஷம் நான் ஸ்பீக்கரைப் பிரித்தேன், கடைசியில் ஒரு ஸ்பீக்கர் என்னை உள்ளே படுக்க வைத்துவிட்டது.

உன் மெத்தையை நீயே சோதித்துப் பார். ஒரு குண்டூசியை அதன் மேல் வை. பிறகு நடுவில் ஒரு போர்வையை மடித்து மடித்துப் போட்டுக்கொண்டே வா. எத்தனை மடிப்பில் ஊசி சும்மா கிடக்கிறது என்று பார். காந்தத்தின் பிடி தூரம் கூடினால் மளமளவென்று விழும். அப்புறம் உன் முட்டிச் சில்லு வரைக்கும் என்ன போய்ச் சேரும் என்று நீயே கணக்குப் போடு.

காந்தம் உண்மையில் உழைக்கிற இடம் உன் வீட்டிலேயே வேறு இருக்கிறது. ஃபிரிட்ஜ் கதவைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை இருக்கிறதே, அதற்குள் காந்தப் பட்டி உண்டு. பழைய ஃபிரிட்ஜுகளுக்கு வெளியே கொண்டிதான். ஒளிந்து விளையாடின குழந்தைகள் உள்ளே மாட்டி, திறக்க முடியாமல் மூச்சு முட்டிச் செத்திருக்கிறார்கள். உள்ளிருந்து தள்ளினால் திறக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1956-ல் சட்டமே போட்டார்கள். கொண்டி போய்க் காந்தம் வந்தது.

இண்டக்சன் அடுப்புக்குப் பாத்திரம் வாங்கப் போனால் தங்கச்சியை ஒரு சின்னக் காந்தம் எடுத்துப் போகச் சொல். அடியில் ஒட்டினால் வாங்கலாம். நல்ல எவர்சில்வர் பலதில் ஒட்டாது. இதில் ஒரு வேடிக்கை: நிக்கல் தனியாக இருந்தால் காந்தத்தில் ஒட்டும், அதையே இரும்போடும் குரோமியத்தோடும் சேர்த்து எவர்சில்வராக்கினால் அணுக்கள் அடுக்கப்படும் விதம் மாறி, இரும்பின் குணமும் போய்விடுகிறது. புதுசாக வருகிற பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார்) ஃபேனிலும் காந்தம்தான் சுற்றுகிறது. பழைய ஃபேன் 75 வாட் தின்கிற இடத்தில் 30 வாட் சுற்றுவட்டத்தில் ஓடுகிறது. போர்டு போனால்தான் தலைவலி. கண்டன்சர் மாற்றிக் காலந்தள்ளின எங்களுக்கு அதில் கை வைக்க ஒன்றுமில்லை.

இனிச் சொல்வதை விளையாட்டாக எடுக்காதே. தங்கச்சிக்குப் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது. பலமான காந்தம் அதன் பக்கத்தில் வந்தால் அது தன் இயல்பான வேலையை விட்டு வேறு முறைக்கு மாறிவிடக்கூடும். முதுகில் காந்தம் வைத்த போன்களையே 15 சென்டிமீட்டராவது தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். டாக்டரிடம் கேட்கும் வரை அவள் அந்த மெத்தையில் படுக்க வேண்டாம். பேரன் கையில் விளையாட்டுச் சாமானாக விற்கிற குட்டிக் காந்த உருண்டைகளையும் கொடுக்காதே. இரண்டை விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்பை நடுவில் வைத்து நசுக்கி ஓட்டை போட்டுவிடும்.

போன வாரம் மணவாளக்குறிச்சிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். மணல் ஆலையைத் தாண்டும்போது நம் வளையம்தான் நினைவு வந்தது. நாம் இழுத்த மணலில் பெரும்பகுதி இல்மனைட், இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த கனிமம். நம் காந்தம் அதைச் சரியாகச் சட்டை செய்யவில்லை. ஆலையில் பலத்த காந்தங்களை வைத்து அதைப் பிரிக்கிறார்கள். அதே மணலில் மோனசைட் என்ற கனிமமும் உண்டு. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன்காரர், நம் கரையிலிருந்து கப்பலில் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடித்தார். அப்போது அவர்களுக்குத் தேவைப்பட்டது தோரியம், பெட்ரோமாக்ஸ் மாதிரி விளக்குகளின் மேண்டிலுக்கு. இன்றைக்குத் தேடுவது அதிலிருக்கிற நியோடிமியம் என்ற உலோகத்தை. 1980-களில் இரும்பும் போரானும் அதோடு சேர்ந்து, நம் வளையம் கிட்டவே நிற்க முடியாத காந்தம் பிறந்தது. மின்சார ஸ்கூட்டர் பலதும் அதில்தான் ஓடுகிறது. 2025 ஏப்ரலில் சீனா இந்த வகைக் காந்தங்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதும் இங்கே வண்டிக் கம்பெனிகள் திண்டாடின. கிள்ளியூர்ப் பக்கம் புதிதாக மண் எடுக்கக் கூடாது என்று கடற்கரை ஊர்கள் எதிர்த்து நிற்கின்றன. கடல் அரித்துக்கொண்டு போகிற கரையில் குடியிருக்கிறவர்கள் அவர்கள். ஸ்கூட்டர் ஓட்டுகிற நாம் அவர்களுக்குப் பாடம் எடுக்க முடியாது.

மெத்தையைத் தூக்கிப் போட்டுவிடாதே. திருப்பி எடுக்கிறானா என்று பில்லோடு போய்க் கேள். மாட்டேன் என்றால் ஒரு மூலைத் தையலைப் பிரித்து நாலைந்து காந்தம் எடுத்துக்கொண்டு மாசிக்கு வா. என் பழைய மேசையில் ஸ்குரூ பொறுக்க ஆகும். உன் விரலை மட்டும் நடுவில் வைக்காதே.

அன்புடன்,
தங்கப்பன்